‘வேண்டாம்’ அட்டை

என் இடது முன்கையில், மணிக்கட்டிலிருந்து நான்கு விரல்கடை மேலே, பிறைபோல ஒரு தழும்பு இருக்கிறது. ஆறு வயதுப் பையன் ஒருவன் கடித்தது. எட்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. வெயிலில் கை கறுத்தாலும் அந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரியும். கடித்த அன்று பதிவேட்டில் நான் எழுதியது இன்றும் என்னிடம் இருக்கிறது: ‘பிடிவாதம் அதிகம். சொன்ன வேலையை முடிக்க மறுக்கிறான். தாக்கும் குணம் உண்டு.’ அவனை நான் எவ்வளவு தவறாகப் படித்திருக்கிறேன் என்று விளங்க எனக்கு நான்கு மாதங்கள் பிடித்தன. அந்த நான்கு மாதங்களைப் பற்றியும், அதன்பின் நான் கற்றுக்கொடுக்கத் தொடங்கிய ஒரு சொல்லைப் பற்றியும்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பாளையங்கோட்டையில் சிறப்பாசிரியராக வேலை பார்க்கிறேன். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள், அவர்களிலும் வாய்ப்பேச்சு வராதவர்கள்தான் என்னிடம் அதிகம். ஆட்டிசத்தை மதியிறுக்கம் என்று எழுதுகிறார்கள். அரசுத் தமிழில் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்றும் ஒரு பெயர் உண்டு. அந்த இரண்டாவது பெயரை நான் வாயால் சொல்வதில்லை. மின்விசிறியின் வேகம் இம்மியளவு குறைந்தாலும் நிமிர்ந்து பார்க்கிற பிள்ளையை, அடுத்த தெருவில் வரும் ஐஸ் வண்டியின் மணியை நம் எல்லோருக்கும் முன்பே கேட்டுவிடுகிற பிள்ளையை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வராது. புற உலகம் அவன்மேல் அளவுக்கு மீறி வந்து விழுகிறது. அதை அவனால் எடுத்துச் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.

பையனின் பெயரை எழுதப்போவதில்லை. வீட்டில் எல்லோருக்கும் அவன் தம்பி, எனக்கும் தம்பிதான். சாத்தான்குளம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து அம்மாவும் ஆச்சியும் வாரத்தில் மூன்று நாள் அவனை பஸ்ஸில் கூட்டிவருவார்கள். ஒன்றரை மணி நேரப் பயணம், என்னிடம் முக்கால் மணி நேரம், மறுபடி ஒன்றரை மணி நேரம். அப்பா லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பார்.

முதல் நாளே அம்மா கேட்டுவிட்டார்: “எப்போது பேசுவான், டீச்சர்?”

அவர்கள் அதற்குள் எல்லாம் செய்து பார்த்திருந்தார்கள். ஆச்சி வசம்பைச் சுட்டு உரைத்துத் தேனில் குழைத்து நாக்கில் தடவியிருக்கிறார். திருச்செந்தூருக்கு நேர்ந்துகொண்டு இரண்டு முறை முடி கொடுத்திருக்கிறார்கள். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயதுவரை பேசாமலிருந்து, திருச்செந்தூர் சன்னதியில் வாய் திறந்து பாடினார் என்பது எங்கள் பக்கத்து ஆச்சிமார் எல்லோரும் சொல்லும் வரலாறு. அதனால் பேசாத பிள்ளைக்கு ஐந்து வயது என்பது இங்கே ஒரு கெடு. ஐந்து முடிந்து ஆறு தொடங்கியதும் அந்த வீட்டில் விசாரிப்புகள் நின்றுபோகும்; உறவுக்காரர்கள் பேச்சை மாற்றத் தொடங்குவார்கள். தம்பி என்னிடம் வந்தது அந்த ஆறாவது வயதில்தான். கோயிலுக்குப் போகிறவர்களிடம் நான் ஒருநாளும் குறைத்துப் பேசியதில்லை. “போய்வாருங்கள், கடலில் அவன் நன்றாகக் கால் நனைக்கட்டும்” என்றுதான் சொல்வேன்.

அம்மாவின் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதிலைச் சொன்னேன். லியோ கேனர் என்ற மருத்துவர் 1943-ல் ஆட்டிசத்தைப் பற்றி எழுதியபோது 11 பிள்ளைகளை விவரித்தார். அவர்களில் 8 பேருக்குப் பேச்சு வந்தது, 3 பேருக்கு வரவில்லை. அமெரிக்காவில், நான்கு வயதில் சொற்களைச் சேர்த்துப் பேசாதிருந்த 535 பிள்ளைகளை எட்டு வயதிலும் அதற்குப் பிறகும் பார்த்த ஆய்வு ஒன்று 2013-ல் வந்தது. 70 சதவீதம் பேர் சிறு சொற்றொடர்களாவது பேசினார்கள். 47 சதவீதம் பேர் சரளமாகவே பேசினார்கள். ஆகவே ஐந்து வயதில் கதவு மூடிவிடுவதில்லை என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அந்த மீதி முப்பது பேர் என்ன செய்கிறார்கள், டீச்சர்?” என்று கேட்டார். அன்று என்னிடம் அதற்குப் பதில் இல்லை.

எனக்குக் கற்றுக்கொடுத்த முறை, முதலில் பிள்ளை உட்காரப் பழக வேண்டும், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு என்பது. ஒரு நாற்காலி, எதிரே மேசை, தட்டில் பெரிய மரமணிகள், முனையில் மெழுகு தோய்த்த கயிறு. பத்து மணிகளைக் கோத்தால் வேலை முடிந்தது. தம்பி எழுந்தால் தோளைப் பிடித்து உட்காரவைப்பேன். இரண்டு மணிகளை ஒழுங்காகக் கோப்பான். மூன்றாவதற்கு முகத்தைத் திருப்புவான். நான்காவதற்குக் கையைப் பின்னால் இழுத்துக்கொள்வான். ஐந்தாவதற்குத் தொண்டையிலிருந்து ஒரு முனகல் வரும், பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடுவதுபோல, ஏற்ற இறக்கம் இல்லாமல். நான் அவன் கைமேல் என் கையை வைத்து, “இன்னும் ஒன்று, தம்பி, இன்னும் ஒன்றே ஒன்று” என்பேன். ஆறாவது மணியில் கடித்தான்.

முகத்தைத் திருப்பியது ஒரு சொல். கையை இழுத்தது இன்னொரு சொல். முனகியது மூன்றாவது. மூன்று முறை பொறுமையாகச் சொல்லியிருக்கிறான். நான் காதில் வாங்கவில்லை. நான்காவது முறை பல்லால் சொன்னான்.

இது அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. எனக்கு மூத்த ஆசிரியை ஒருவர்தான், “குணத்தை எழுதாதே, நடந்ததை எழுது” என்று சொல்லி ஒரு நாற்பது பக்க நோட்டில் மூன்று கட்டம் போட்டுக் கொடுத்தார். முன்பு என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பின்பு என்ன நடந்தது. இந்தத் துறையில் இது அரிச்சுவடி. நான் பரீட்சைக்குப் படித்திருந்தேன். ஆனால் என் மேசையில் வைத்து எழுதியதில்லை. இரண்டு வாரம் எழுதினேன். பதினோரு கடிகள். அவற்றில் ஒன்பதுக்கு முன் கட்டத்தில் ஒரே வாசகம் இருந்தது: ‘இன்னும் ஒன்று என்றேன்.’ பின் கட்டத்திலும் ஒன்பதிலும் ஒரே வாசகம்: ‘மணித் தட்டை எடுத்துவிட்டேன்.’

நோட்டை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். முகத்தைத் திருப்பியபோது தட்டை எடுக்காத நான், கையை இழுத்தபோது எடுக்காத நான், கடித்ததும் எடுத்திருக்கிறேன். கடித்தால்தான் டீச்சருக்குப் புரியும் என்று அவனுக்கு நான்கு மாதங்களாகப் பாடம் நடத்தியிருக்கிறேன். அவனும் நன்றாகப் படித்திருக்கிறான்.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பதை நாம் அன்றாடம் சொல்கிறோம். பேச்சு வராத பிள்ளையின் நடத்தை முழுவதும் அந்தப் பழமொழிக்குள் அடங்கிவிடும். தரையில் விழுந்து புரள்வது, தலையைச் சுவரில் மோதுவது, தட்டை வீசுவது எல்லாவற்றுக்கும் ஒரு பயன் இருக்கிறது. ஏதோ ஒன்று வேண்டும். அல்லது ஏதோ ஒன்றிலிருந்து தப்ப வேண்டும். அல்லது யாராவது தன் பக்கம் திரும்ப வேண்டும். அல்லது அந்த அசைவே உடம்புக்கு இதமாக இருக்கிறது. எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் என்ற இருவர் 1985-ல் நான்கு பிள்ளைகளிடம் இதைச் சோதித்துக் காட்டினார்கள். பாடம் கடினமானால் முரண்டு பிடிக்கிற பிள்ளைக்கு, உதவி கேட்கும் ஒரு வாசகத்தைச் சொல்லிக் கொடுத்தார்கள். சொன்னதும் உதவி கிடைத்தது. முரண்டு குறைந்தது. கெட்ட நடத்தையை அடக்குவதற்கு முன்னால் அது எந்தச் சொல்லின் வேலையைச் செய்கிறது என்று கண்டுபிடித்து, அந்தச் சொல்லைக் கையில் கொடுத்துவிட வேண்டும். புதிய சொல் பழைய கடியைவிடச் சுலபமாக இருக்க வேண்டும், கடியைவிட வேகமாகப் பலிக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் பிள்ளை அதற்கு மாறும்.

தம்பிக்கு வாயில் சொல் இல்லை. ஆகவே கையில் கொடுக்க வேண்டியிருந்தது.

பட அட்டையைக் கொடுத்து வேண்டியதைப் பெறும் முறையை அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் என்ற இருவர் அதே 1985-ல் உருவாக்கினார்கள். பெக்ஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பார்ப்பதற்கு மிக எளிமையாக இருக்கும். பலர் தவறாகச் செய்வதும் அதனால்தான். முதல் கட்டத்துக்குப் பெரியவர்கள் இரண்டு பேர் வேண்டும். நான் தம்பிக்கு எதிரே உட்கார்ந்தேன், கையில் கோவில்பட்டிக் கடலைமிட்டாயின் ஒரு சிறு துண்டு. இருவருக்கும் நடுவே கடலைமிட்டாயின் படம் ஒட்டிய அட்டை. அவன் முதுகுக்குப் பின்னால் அம்மா, ஒரு வார்த்தையும் பேசாமல். தம்பி மிட்டாயை நோக்கிக் கையை நீட்டினான். அம்மா பின்னாலிருந்து அந்தக் கையை அட்டைமேல் இறக்கி, எடுக்கவைத்து, என் உள்ளங்கையில் போடவைத்தார். அட்டை என் கையில் பட்ட அதே நொடியில் “கடலைமிட்டாய்!” என்று சொல்லித் துண்டைக் கொடுத்தேன்.

‘என்ன வேண்டும்?’ என்று கேட்கக் கூடாது. அந்தக் கேள்வியைக் கேட்டுப் பழக்கினால், கேட்கும்வரை காத்திருக்கிற பிள்ளையாக ஆகிவிடுவான். அவனாகத் தொடங்க மாட்டான். தாய்மார்களுக்கு இதுதான் மிகவும் கடினம். தம்பியின் அம்மா சேலை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் நாள் பதினெட்டு முறை கொடுத்தோம். மூன்றாம் நாள் அம்மா கையை நகர்த்தும் முன்பே அவன் விரல்கள் அட்டையின் விளிம்பைப் பிராண்டின. நான்காம் நாள் தானாகவே எடுத்து என் கையில் வைத்தான். வைத்துவிட்டு, மிட்டாயைப் பார்க்காமல் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தான். அம்மா பின்னால் அழுதுகொண்டிருந்தார், சத்தமில்லாமல், விதிப்படி.

அடுத்தடுத்த கட்டங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். அட்டையைத் தூரத்தில் வைத்து, நடந்துபோய் எடுத்துவரச் செய்வது. பிறகு இரண்டு படங்களில் வேண்டியதைத் தேர்ந்தெடுப்பது. பிறகு பட்டையில் வரிசையாக ஒட்டி வாக்கியமாக்குவது. இந்த வாக்கியப் பட்டையில் நான் ஒரு மாற்றம் செய்தேன். ஆங்கிலத்தில் ‘எனக்கு வேண்டும்’ என்ற படம் முதலிலும் பொருளின் படம் பின்னாலும் வரும். மொழிபெயர்த்து வந்த பட்டைகளிலும் அப்படியே அச்சடித்திருந்தார்கள். ஆனால் தம்பியின் காதில் வீட்டில் விழுவது ‘தோசை வேண்டும்’ என்ற வரிசை. தோசை முதலில், வேண்டும் கடைசியில். பட்டையை அதன்படி மாற்றி ஒட்டினேன். கையும் காதும் ஒரே வழியில் போனால்தான் என்றைக்காவது வாய் அதைப் பின்தொடர வசதியாக இருக்கும் என்பது என் நம்பிக்கை.

தம்பிக்குக் கேட்கத் தெரிந்துவிட்டது. கடலைமிட்டாய், தண்ணீர், ஊஞ்சல், மொட்டை மாடி. ஆனால் கடி நிற்கவில்லை. நோட்டைப் பார்த்தால் காரணம் பளிச்சென்று இருந்தது. அவன் கடித்தது எதையும் கேட்பதற்காக இல்லை, மறுப்பதற்காக. மறுக்க நான் இன்னும் சொல் கொடுக்கவில்லை.

தமிழில் ஒரு சங்கடம் இருக்கிறது. தம்பிக்கு முன்னால் நான் அதைக் கவனித்ததே கிடையாது. வேண்டும், வேண்டாம். வீட்டுப் பேச்சில் ‘வேணும்’, ‘வேணாம்’ என்று சுருங்கிவிடும். தொடக்கம் ஒன்று, முடிவும் ஒன்று, நடுவில் ஓர் உயிரெழுத்து மட்டும் மாறுகிறது. நமக்கு அது போதும். ஓசைகளைப் பிரித்துக் கேட்பதே பெரும்பாடாக இருக்கிற பிள்ளைக்கு, ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு சொற்கள் ஏறக்குறைய ஒரே சத்தமாகத்தான் விழும். ‘வேணுமா, வேணாமா?’ என்று ஒரே மூச்சில் கேட்டால் அவன் எதைப் பிடித்துக்கொள்வான்? அன்றிலிருந்து மறுப்புக்கு நான் வேறு சொல்லை எடுத்துக்கொண்டேன்: போதும். உதடு மூடித் திறக்கும் ஓசை. வாயைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். அட்டையிலும் அப்படியே வித்தியாசம் காட்டினேன். மற்ற அட்டைகள் எல்லாம் வெள்ளைச் சதுரம். இது மட்டும் வட்டம், சிவப்பு, நடுவே விரித்த உள்ளங்கை. பழைய நாள்காட்டியின் தடித்த அட்டையை வெட்டி, ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் செய்து, பின்னால் வெல்க்ரோ ஒட்டி, அவன் இடுப்புப் பட்டையில் மாட்டினேன். வீட்டில் அதற்கு ‘வேண்டாம் அட்டை’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. மணிகளுக்கு ‘போதும்’, உளுந்தங்கஞ்சிக்கு ‘வேண்டாம்’, சத்தத்துக்கு ‘நிறுத்து’. எல்லாவற்றுக்கும் அந்த ஒரே கை.

கற்றுக்கொடுத்தது இப்படி. அவனுக்குப் பிடிக்காத மணித் தட்டை நீட்டுவேன். அவன் முகம் திரும்பத் தொடங்கும், அந்தக் கணத்திலேயே, முனகலுக்கு முன்பே, அம்மா பின்னாலிருந்து அவன் கையைச் சிவப்பு அட்டைக்குக் கொண்டுபோவார். அட்டை என் கைக்கு வந்ததும் “போதும்” என்று சொல்லித் தட்டை எடுத்து மேசைக்குக் கீழே வைத்துவிடுவேன். ‘இன்னும் ஒன்று’ கிடையாது. ஒன்றுகூடக் கிடையாது. அந்த ஒன்றுக்காக என் நாக்கு எத்தனை முறை துடித்தது என்பது எனக்குத் தெரியும்.

ஆறாவது நாள் தானாக அட்டையைப் பிய்த்து எடுத்தான். அதன்பின் வந்த இரண்டு வாரங்கள் எங்கள் எல்லோருக்கும் சோதனைக் காலம். எதை நீட்டினாலும் சிவப்பு அட்டை. குளிக்க, சட்டை போட, சோறு உண்ண, கடலைமிட்டாய்க்குக்கூட ஒரு முறை. ஒரே நாளில் நாற்பத்து மூன்று முறை என்று அம்மா எண்ணி எழுதியிருந்தார். அந்த வாரம் ஊருக்கு வந்த அப்பா நேராக என்னிடம் வந்தார்.

“டீச்சர், கடிப்பது நின்றிருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்கிறான். இப்படியே விட்டால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வான். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பார்கள்.”

அவரிடம் கேட்டேன்: “அண்ணா, நீங்கள் லாரியில் ஹாரன் அடித்து யாருமே விலகாத ஒரு சாலையில் ஆறு வருடம் ஓட்டியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு முதல்முறையாக ஒருவர் விலகுகிறார். எத்தனை முறை அடித்துப் பார்ப்பீர்கள்?” அவர் சிரிக்கவில்லை. மகனைப் பார்த்தார். “சரி டீச்சர். எவ்வளவு நாள்?” என்றார். “தெரியவில்லை. அவனுக்கு நம்பிக்கை வரும்வரை” என்றேன்.

மூன்று வாரம் ஆனது. தன் மறுப்பு பலிக்கிறது என்பது உறுதியானதும் அவன் அட்டைக்குப் போவது தானாகவே குறைந்தது. பிறகுதான் மெல்லக் கேட்கத் தொடங்கினேன். அட்டையைத் தந்ததும் “சரி, ஒரு மணி கோத்துவிட்டுப் போதும்” என்று ஒரே ஒரு மணியைத் தட்டில் வைப்பேன், அவன் கண்ணுக்கு அது ஒன்றுதான் என்று தெரியும்படி. ஒன்று முடிந்ததும் தட்டு போய்விடும். பிறகு இரண்டு. பிறகு நான்கு. வாக்கு மாறாமல் இருந்தேன். அந்த ஆண்டு முடிவதற்குள் பத்து மணிகளையும் கோத்தான், அட்டையைத் தொடாமல். நான்கு மாதம் கையைப் பிடித்து அழுத்தியும் நடக்காத காரியம் அது.

மறுப்பை ஏற்க முடியாத இடங்களும் உண்டு. மருந்து, ஊசி, சாலையைக் கடப்பது, பஸ்ஸைவிட்டு இறங்குவது. அங்கே அட்டையைப் பிடுங்கி ஒளித்துவைப்பதுதான் பெரியவர்கள் முதலில் செய்வது. பிள்ளையின் வாயைப் பொத்துவதற்கு அது சமம். அட்டையை வாங்கிக்கொள்ள வேண்டும். “உனக்குப் பிடிக்கவில்லை, தெரிகிறது. இது கட்டாயம்” என்று சொல்ல வேண்டும். ‘முதலில் – பிறகு’ பலகையில் முதலில் ஊசி, பிறகு ஊஞ்சல் என்று படம் வைத்துக் காட்ட வேண்டும். அவன் அழுவான். அழட்டும். இப்படிப்பட்ட இடங்கள் ஒரு நாளைக்கு நாலைந்துக்குமேல் இருக்கக் கூடாது என்பது என் கணக்கு. உங்கள் வீட்டில் அது இருபதாக இருந்தால், அதில் பதினைந்து உங்கள் வசதிக்காக இருக்கும்.

இந்தச் சொல்லுக்கு இன்னொரு பயன் இருக்கிறது. அதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும். கையை நீட்டு, உட்கார், சட்டையைக் கழற்று என்று யார் சொன்னாலும் மறுபேச்சு இல்லாமல் செய்கிற பிள்ளையை ‘எவ்வளவு நன்றாகப் பழகியிருக்கிறான்’ என்று பாராட்டுகிறோம். அந்தப் பிள்ளைக்கு நாளை பதினான்கு வயதாகும், இருபது வயதாகும். யாரோ ஒருவர் தொடக் கூடாத இடத்தில் தொடும்போது அவனிடமோ அவளிடமோ என்ன இருக்கும்? பணிவு மட்டும்தான் இருக்கும். பெண் பிள்ளைகளின் அம்மாக்களிடம் இதை நான் தனியாக உட்காரவைத்துச் சொல்கிறேன். நடந்ததைச் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு, நடக்கும்போதே கையை உயர்த்தவாவது தெரிந்திருக்க வேண்டும்.

அடியாத மாடு படியாது என்பதையும் என் அறையில் அடிக்கடி கேட்கிறேன். இந்தத் துறையின் வரலாற்றிலேயே அந்தப் பழமொழி உண்டு. லாஸ் ஏஞ்சலஸில் இவார் லோவாஸ் என்ற உளவியலாளர் 1987-ல் வெளியிட்ட ஆய்வைத்தான் பலரும் இன்றுவரை மேற்கோள் காட்டுகிறார்கள்: வாரத்துக்கு 40 மணி நேரப் பயிற்சி, 19 பிள்ளைகள், அவர்களில் 9 பேர் சாதாரணப் பள்ளியில் முதல் வகுப்பை முடித்தார்கள். அந்தப் பயிற்சியில் உரக்க ‘கூடாது’ என்று அதட்டுவதும் சில வேளைகளில் தொடையில் அடிப்பதும் சேர்ந்திருந்தன என்பதை அவர்கள் சொல்வதில்லை. இன்று பெரும்பாலானோர் அதைக் கைவிட்டுவிட்டார்கள். ஆனால் கையைப் பிடித்து அழுத்துவது, அழ அழ உட்காரவைப்பது, கைகளைச் சிறகுபோல் படபடப்பதைத் தடுப்பது எல்லாம் இன்னும் நடக்கின்றன. ஆட்டிசத்தோடு வளர்ந்து பெரியவர்களானவர்கள் தங்கள் சிறுவயதுப் பயிற்சியைப் பற்றி எழுதுவதைப் படித்திருக்கிறேன். அதன்பின் கைகளைப் படபடக்கும் எந்தப் பிள்ளையையும் நான் தடுத்ததில்லை. யாருக்கும் அதில் காயமில்லை.

நடத்தை என்று நாம் முடிவுகட்டுவதற்கு முன்னால் உடம்பைப் பார்க்க வேண்டும். எட்டு வயதில் ஒரு வாரம் முழுக்கத் தம்பி தன் வலக் கன்னத்தில் அறைந்துகொண்டே இருந்தான். நோட்டில் எந்த ஒழுங்கும் தெரியவில்லை. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அறைந்தான், தூக்கத்திலும். ஆச்சிதான் சோற்றை இடப்பக்கமாக மட்டும் மெல்லுகிறான் என்று கவனித்தார். கடைவாய்ப் பல் சொத்தை, வேர்வரை. பல் மருத்துவர் சரிசெய்த மறுநாள் அறைவது நின்றது. அன்றே உடம்பின் படம் போட்ட அட்டை ஒன்றும் வலிக்கு ஒரு அட்டையும் செய்தேன். முன்பே செய்திருக்க வேண்டும்.

அட்டையைக் கொடுத்தால் பேச்சு வராமலே போய்விடும் என்று பயப்படாத குடும்பத்தை நான் பார்த்ததில்லை. 2006-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், நம்பத்தகுந்த முறையில் ஆராயப்பட்ட, வளர்ச்சிக் குறைபாடுள்ள 27 பேரின் விவரங்கள் இருந்தன. படம், சைகை, கருவி போன்றவற்றால் பேச்சு குறைந்தவர் ஒருவர்கூட இல்லை. 89 சதவீதம் பேருக்குக் கூடியிருந்தது. தம்பிக்குப் பத்து வயதில் அவன் மாமா ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்தார். சென்னையில் அஜித் நாராயணன் குழுவினர் உருவாக்கிய ‘ஆவாஸ்’ செயலியைப் போட்டோம். படத்தைத் தொட்டால் தமிழில் பேசும். அதில் அவன் முதல் வாரத்தில் திரும்பத் திரும்பத் தொட்டது ‘ஆச்சி’ என்ற படத்தை. அடுப்படியிலிருந்து ஆச்சி “என்ன எய்யா, என்ன எய்யா” என்று ஓடிவந்துகொண்டே இருந்தார். எதற்கும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வருகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பேசாத பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு எழுத்துப் பலகையில் ஒவ்வொரு எழுத்தாகத் தொடவைத்து, பிள்ளை கவிதை எழுதுகிறான் என்று காட்டும் காணொளிகளைத் தாய்மார்கள் எனக்கு அனுப்புகிறார்கள். 1990-களிலேயே இதைச் சோதித்தார்கள்: பிள்ளைக்கு ஒரு படம், கையைப் பிடிப்பவருக்கு வேறொரு படம். பலகையில் வந்தது, கையைப் பிடித்தவர் பார்த்த படத்தின் பெயர். அம்மாவின் ஆசை எனக்குப் புரிகிறது, அதைப் பார்த்து நானும் கலங்கியிருக்கிறேன். ஆனால் பிள்ளையின் பெயரால் இன்னொருவர் பேசுவது அவனை இரண்டாம் முறை ஊமையாக்குவது. தம்பியின் கையை அட்டைக்குக் கொண்டுபோன அம்மாவின் கை நான்காம் நாள் விலகிவிட்டது. விலகிய பிறகு வந்ததைத்தான் நாங்கள் அவனுடைய சொல்லாகக் கணக்கில் வைத்தோம்.

தம்பிக்கு இப்போது பதினான்கு வயது. மேலுதட்டில் மீசை அரும்பியிருக்கிறது. ‘அம்மா’ என்பதும் ‘ம்’ என்பதும் வாயால் வரும். வேறில்லை. அம்மா இப்போதெல்லாம் எப்போது பேசுவான் என்று கேட்பதில்லை. மிக்ஸியை அவன் தடுக்கும்போது சட்னியை அம்மியில் அரைப்பதா, அவனை மாடிக்கு அனுப்புவதா என்று கேட்கிறார். சிவப்பு அட்டை இடுப்பில் இருந்து போய் மூன்று வருடங்கள் ஆகின்றன. உள்ளங்கையை விரித்து நெஞ்சுக்கு நேரே உயர்த்துகிறான். அதுவே போதுமானதாக இருக்கிறது. ஓரங்கள் பல்லால் மென்று சொரசொரத்துப்போன அந்தப் பழைய அட்டை என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

அவனுக்கு முடி வெட்டுவது எப்போதும் பெரும் போராட்டம். இயந்திரத்தின் சத்தம் பிடரியில் பட்டால் உடம்பு முறுக்கிக்கொள்ளும். பல ஆண்டுகள், அவன் தூங்கும்போது அப்பா கத்தரியால் வெட்டிவிடுவார். சென்ற மாதம் முதல்முறையாகச் சலூனுக்கு அழைத்துப்போனோம், பாளையங்கோட்டையிலேயே. இந்த ஊரில் காது கேளாதோர் பள்ளி நூறாண்டுகளைத் தாண்டி நடக்கிறது. பஸ் நிறுத்தத்திலும் டீக்கடையிலும் கைகளால் பேசும் பிள்ளைகளைப் பார்த்துப் பழகிய ஊர். அந்தச் சலூன்காரரும் அவர்களில் பலருக்கு முடி வெட்டியிருக்கிறார்.

துணியைப் போர்த்தி, இயந்திரத்தை இயக்கி, இடக் காதுக்குப் பின்னால் கொண்டுபோனார். தம்பி துணிக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து, கண்ணாடியைப் பார்த்தபடி உள்ளங்கையை உயர்த்தினான். நானும் அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. இயந்திரத்தை நிறுத்தி மேசையில் வைத்தார். கண்ணாடியில் தெரிந்த பையனிடம் தன் கையையும் அப்படியே உயர்த்திக் காட்டி, “சரி தம்பி” என்றார். சீப்பையும் கத்தரியையும் எடுத்து அவன் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு நின்றார். வரிசையில் உட்கார்ந்திருந்தவர் செய்தித்தாளைப் புரட்டினார். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். தம்பி கையைத் துணிக்குள் இழுத்துக்கொண்டான். பிறகு தலையைக் குனிந்து கொடுத்தான்.